வளையத்துக்குள் சேவல்

பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க நீட்டிய பேனா சலூன்காரரின் சோப்புக் கையிலிருந்து வழுக்கி, முகக்கண்ணாடி மேசைக்கு அடியில் உருண்டு போனது. அதை எடுக்கக் குனிந்த தபால்காரி, குனிந்தவள் குனிந்தபடியே இருந்துவிட்டாள்.

"என்னக்கா, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?" என்றார் சலூன்காரர்.

"தம்பி, இந்த மேசை எங்கேருந்து வந்துச்சு?"

"கடையோட வந்துச்சு. எனக்கு முன்னாடி இங்க இஸ்திரிக் கடை வச்சிருந்தவர் விட்டுட்டுப் போனது. ஏன், கரையானா?"

மேசைக்குக் கீழே கொடிபோல் பின்னிய வார்ப்பிரும்புக் கால்கள். அவற்றுக்கு நடுவே ஒரு மிதி. முடிவெட்ட உட்காருகிறவர்கள் இத்தனை காலமும் சௌகரியமாகக் கால் வைத்துக்கொண்ட இடம் அதுதான். பக்கத்தில் இருந்த சக்கரத்தில் ஊர்க்காரர்களின் தலைமுடி எல்லாம் பந்தாகச் சுற்றியிருந்தது.

"இது தையல் மெஷின் ஸ்டாண்டு, தம்பி."

"அது எனக்கும் தெரியும்க்கா. மெஷின் எப்பவோ எடைக்குப் போயிருக்கும். காலு மட்டும் மிஞ்சியிருக்கு."

மேசைப் பலகைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தபால்காரி விரல் மடக்கித் தட்டினாள். காலிப் பெட்டியின் சத்தம் வரவில்லை. கல்லைத் தட்டியதுபோல் அமுங்கலாக ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"உள்ள ஆள் இருக்கு!"

நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு கண்மூடிக் கிடந்தவர் துள்ளி எழுந்தார்.

தபால்காரிக்குப் பழைய தையல் மெஷின் என்றால் உயிர். தபால் கொடுக்கப் போகிற வீடுகளில் வாசற்படியிலிருந்தே உள்ளே ஒரு கண் போடுவாள். பூந்தொட்டிக்கு அடியில் இருப்பது, டிவிக்கு அடியில் இருப்பது, கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருப்பது, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் வீட்டுக் கூடத்தில் அப்படி வந்து சேர்ந்தவை வரிசையாக நின்றன. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர், யாராவது வீட்டுக்கு வந்தால், "உட்காருங்க, மெஷின் இல்லாத இடமாப் பார்த்து உட்காருங்க" என்பார். அலுத்துக்கொள்வதுபோல் சொன்னாலும், ஒவ்வொன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது அவர்தான்.

சலூனுக்கு வார விடுமுறை வந்ததும் இருவரும் திருப்புளியோடு போய் நின்றார்கள். மேசைமேல் ஆணி அடித்து ஒட்டியிருந்த வழவழப்பான தகட்டை வேன்காரர் பக்குவமாக நெம்பி எடுத்தார். அடியில் பழைய மரப்பலகை, அதன் நடுவே கீல் வைத்த மூடி. தபால்காரி மூடியைத் திறந்து, இருட்டுக்குள் இரண்டு கையையும் விட்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். கறுப்பாக, முரட்டுத்தனமாக, கழுத்தை வளைத்துக்கொண்டு மெஷின் மேலே வந்தது.

"அடப்பாவி! இத்தனை வருஷமா எங்கூடவே இருந்திருக்கியா?" என்று அதைப் பார்த்தே கேட்டார் சலூன்காரர்.

தூசிக்கு அடியில் ஏதோ தங்கநிறத்தில் மினுங்கியது. அதைத் துடைத்துப் பார்க்கும் ஆசையில், சவரக்கத்தி துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து பஞ்சை நனைத்தார் சலூன்காரர். தபால்காரி அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"ஐயோ, வேணாம்! மேல பூசியிருக்கிறது அரக்கு. ஸ்பிரிட் பட்டா பூவு, இலை எல்லாம் கரைஞ்சு உங்க பஞ்சோட வந்துடும்."

"அப்புறம் எதால துடைக்கிறது?"

"மெஷின் எண்ணெயால. அதுவும் குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி."

துடைக்கத் துடைக்க மெஷினின் கழுத்து நெடுக ஒரு கொடி விரிந்தது. கொடியில் சின்னச் சின்ன இலைகள், நடுவில் நான்கிதழ்ப் பூ ஒன்று. தபால்காரி இதுவரை பார்த்த எந்த மெஷினிலும் இந்தப் பூ கிடையாது.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் சலூன்காரர் கொஞ்சம் தயங்கி. "நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. ஆனா இது என் கடையில இருந்தது. இங்கேயே இருக்கட்டுமே."

"இருக்கட்டுமே. எனக்கு இது ஓடணும், இது யாருன்னு தெரியணும். அவ்வளவுதான்."

ஆனால் அது ஓடுகிற நிலையில் இல்லை. கைச்சக்கரம் மயிரிழைகூட அசையவில்லை. வேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பப் போனபோது தபால்காரி தடுத்தாள். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துதான் போகும். உள்ளே போட்ட எண்ணெய் எல்லாம் காய்ந்து கோந்தாகி மூட்டுக்கு மூட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இளக்கச் சூடு வேண்டும்.

"சூடுதானே?" என்று சலூன்காரர் முடி காயவைக்கும் டிரையரை எடுத்து நீட்டினார்.

அதற்குப் பிறகு வந்த விடுமுறைகள் எல்லாம் இப்படியே கழிந்தன. சலூன்காரர் டிரையரைப் பிடிப்பார். தபால்காரி மூட்டுகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவாள், மண்ணெண்ணெய் தொட்ட குச்சியால் கசடைச் சுரண்டுவாள். வேன்காரர் ஒரு விரலால் சக்கரத்தை முன்னும் பின்னும் செல்லமாக அசைத்துக்கொண்டே இருப்பார்.

"யாருக்கு முடி காயவைக்கிறீங்க?" என்று தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"இவருக்குத்தான். வழுக்கைத் தலை, சீக்கிரம் காஞ்சிடும்," என்பார் சலூன்காரர், மெஷினைக் காட்டி.

ஒருநாள் வேன்காரர் ஏதோ கதை சொல்லிக்கொண்டே சக்கரத்தை அசைத்தவர், பாதியில் வாயை மூடினார். விரலுக்கு அடியில் சக்கரம் நகர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஊசி பிடிக்கும் கம்பி, தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பதுபோல், மெல்ல மேலேறி இறங்கியது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலூன்காரர் டிரையரை அணைக்க மறந்து தன் சட்டைக்கே சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டம் வந்துவிட்டது. ஊர் பேர்தான் தெரியவில்லை. பெயர்ப்பட்டை இல்லை, எண் இல்லை. உள்ளே நூல் கொண்டுபோகும் ஷட்டில் படகு வடிவத்தில் இருந்ததால் பழைய காலத்து அமைப்பு என்பது மட்டும் உறுதியானது. தபால்காரி படம் எடுத்து, தன்னைப்போல் மெஷின் பித்துப் பிடித்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஆளுக்கொரு நாட்டைச் சொன்னார்கள். காணாமல் போயிருந்த ஒரு திருகாணிக்குப் பதிலாகத் தன்னிடம் இருந்த டப்பா நிறைய திருகாணிகளைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடச் சேரவில்லை. மற்றவர்களாக இருந்தால் எரிச்சல் பட்டிருப்பார்கள். தபால்காரிக்கு அது ஒரு தடயமாகப் பட்டது. இதைச் செய்தவர்கள் கடையில் வாங்கிக் கோத்துவிடவில்லை, திருகாணியின் மரையைக்கூடச் சொந்தமாக வெட்டியிருக்கிறார்கள். யாரோ பிடிவாதக்காரர்கள்.

மெஷினைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது, இரும்போடு இரும்பாக வார்த்த ஒரு முத்திரை தெரிந்தது. ஒரு வளையம், அதற்குள் ஏதோ ஓர் உருவம். சலூன்காரர் விளக்கு என்றார், வேன்காரர் வாத்து என்றார்.

இந்த நேரத்தில்தான் பழம்பொருள் கடைக்காரர் முகச்சவரத்துக்கு வந்தார். பெரிய கடை வைத்திருப்பவர், பத்து ஊர் சுற்றியவர். மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேரும் இல்ல, நம்பரும் இல்ல. யாரோ எதையோ பார்த்துக் காப்பி அடிச்சிருக்கான். அப்பன் பேரு தெரியாத மெஷின். நல்லாப் பெயின்ட் அடிச்சுடுங்க, பூந்தொட்டி வைக்கவாவது ஆகும்."

தபால் பையோடு வாசலில் நின்றிருந்த தபால்காரிக்குச் சுருக்கென்றது.

"விலாசமே இல்லாத தபாலைக்கூட நான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கேன் சார். இதுக்கும் ஒரு விலாசம் இருக்கும். பெயின்ட் பக்கத்துல வரக் கூடாது."

சொல்லிவிட்டாளே தவிர, போகிற வழியெல்லாம் அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, நல்ல மழை. தபால்காரி சைக்கிளைத் தள்ளாமல் ஓட்டியது தப்பாகப் போயிற்று. சலூன் தெருவின் முனையில், நனைந்த சாக்கடை மூடிமேல் ஏறிய முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. பையைக் காப்பாற்ற அதை மார்போடு அணைத்துக்கொண்டவள், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் தெருவில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கை எரிந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, கையூன்றி எழப் போனாள். ஊன்றிய கைக்கு அடியில் ஏதோ மேடு தட்டுப்பட்டது.

கையை எடுத்துப் பார்த்தாள். மழைத்தண்ணீர் சேற்றைக் கழுவிவிட்டிருந்தது. இரும்பு மூடியின் நடுவில் ஒரு வளையம். வளையத்துக்குள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஒரு சேவல்.

அவள் எழவில்லை. கொட்டும் மழையில், நடுத்தெருவில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் சைக்கிளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சலூனுக்கு ஓடினாள்.

"தம்பி, வெளிய வாங்க! சீக்கிரம்!"

"அக்கா, பாதி தலை வெட்டியாச்சு..."

"மீதி தலை எங்கேயும் ஓடிடாது. வாங்க!"

சீப்பும் கையுமாகச் சலூன்காரரும், கழுத்தில் துணி கட்டிய வாடிக்கையாளரும், காத்துக்கொண்டிருந்தவர்களும் மழையில் ஓடிவந்து மூடியைச் சுற்றி நின்றார்கள். தபால்காரி கைப்பேசியில் முத்திரையின் படத்தைக் காட்டினாள். சலூன்காரர் படத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அக்கா! தினமும் இது மேலதான் நான் வண்டிய நிறுத்துறேன்!"

"அப்ப அந்த மெஷினு வெளியூர் இல்ல," என்றாள் தபால்காரி. "இங்க, நம்ம ஊர்ல வார்த்தது."

பாதி தலை வெட்டிய வாடிக்கையாளர் அப்போது வாய் திறந்தார். "இப்ப விளையாட்டு மைதானம் இருக்கே, அங்கதான் அந்த வார்ப்புப் பட்டறை இருந்துச்சு. ஆனா அங்க சாக்கடை மூடிதானே செஞ்சாங்க? மாடிவீட்டம்மா அங்க வேலை பார்த்தவங்க. அவங்கள வேணும்னா கேட்டுப் பாருங்க."

மாடிவீட்டம்மா தபால்காரியின் தடத்தில்தான் இருந்தார். முழங்கால் வலியால் படி இறங்காதவர். அவருக்கு வரும் மருந்துப் பொட்டலத்தைத் தபால்காரி மூன்றாம் மாடிவரை கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அன்று ஈரச் சட்டையோடு மாடியேறி, மூச்சு வாங்க, கைப்பேசியில் பூவின் படத்தை நீட்டினாள்.

"அம்மா, இதை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

மாடிவீட்டம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இதுல ஒட்டியிருக்கிற படம்..." என்று தபால்காரி தொடங்கினாள்.

"ஒட்டினதா? யாரு சொன்னா? பிரஷ்ஷால வரைஞ்சதுடி பொண்ணே."

"யாரும்மா வரைஞ்சது?"

"யாரு வரைவா? நான்தான்."

பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகன் கையில் பெட்டியோடு எட்டிப் பார்த்தார்.

மாடிவீட்டம்மா பேசப் பேச அந்தச் சின்ன அறைக்குள் பட்டறை எழுந்து நின்றது. முதலாளிக்கு ஒருநாள் வெறி பிடித்ததாம்: தையல் மெஷினை ஏன் கப்பலில் வரவழைக்க வேண்டும், நாமே செய்தால் என்ன? வார்க்கிறவர்கள், கடைகிறவர்கள், மரை வெட்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எத்தனையோ முறை கெடுத்து, உருக்கி, மறுபடி வார்த்து, கடைசியில் ஒன்றைத் தைக்க வைத்தார்கள். பூ வரைவதற்குப் பெண்கள் மூன்று பேர். ஆளுக்கொரு பூ. இவருடையது நான்கிதழ். கொஞ்ச காலம்தான் நடந்தது. பிறகு ஊர் முழுக்கச் சாக்கடை மூடி போடும் வேலை கிடைக்க, மெஷின் அச்சுகளை எல்லாம் உருக்கி மூடி ஆக்கிவிட்டார்கள்.

"ஒண்ணுகூட மிஞ்சலைன்னுதான் நினைச்சேன்," என்றார். "நாங்க தையல் மெஷின் செஞ்சோம்னு சொன்னா, பெத்த பிள்ளையே நம்பல. 'சரிம்மா, நீங்க மூடிதான் செஞ்சீங்க'ம்பான். நானும் சொல்றதை விட்டுட்டேன்."

மகன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது.

"அந்த மெஷின் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த விடுமுறையன்று மகனும் வேன்காரரும் மாடிவீட்டம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். "மெதுவாடா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்று அவர் வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தார். தலையை வாரி, நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார். சலூனில் நிற்க இடமில்லை. சேதி தெருவெல்லாம் பரவியிருந்தது.

தபால்காரி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். புது வார் மாட்டியிருந்தது. இந்த மெஷினுக்கான ஊசி இப்போது எங்கும் கிடைக்காது. அதனால் கடையில் கிடைக்கிற ஊசியை ஒரு நெல்லளவு இறக்கிப் பூட்டி, ஷட்டிலின் மூக்கு நூலைச் சரியாகக் கொத்தும்வரை பொறுமையாகப் பழக்கியிருந்தாள்.

மாடிவீட்டம்மா முதலில் பூவைத் தொட்டார். பிறகு கொடியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார், கடைசி இலைவரைக்கும். "இந்த இலை கொஞ்சம் கோணல்," என்றார் யாரிடமோ. "அன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு அவசரம்."

"தைச்சுப் பார்க்கிறீங்களாம்மா?" என்றாள் தபால்காரி. சலூன்காரர் ஓரம் பிரிந்திருந்த தன் சலூன் துணியை எடுத்துக் கொடுத்தார்.

மாடிவீட்டம்மா துணியை ஊசிக்கு அடியில் வைத்து, காலை மிதியில் வைத்தார். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்று முகத்தைச் சுளித்தார். "நான் மிதிக்கிறேன்மா" என்று தபால்காரி முன்னால் வந்தாள். அதற்குள் மகன், தன் வெள்ளைச் சட்டையோடு, முடி சிதறிக் கிடந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் மிதிமேல் வைத்தார்.

"நீங்க துணியைப் பாருங்கம்மா. கீழ நான் பார்த்துக்கிறேன்."

கைச்சக்கரத்தை மாடிவீட்டம்மா ஒரு சுண்டு சுண்டினார். மகன் மிதியை அமுக்கினார். டக்கு, டக்கு என்று தடுமாறிய சத்தம் ஓர் ஓட்டத்துக்கு வந்தது. வரிசை மாறாமல் தையல் விழுந்துகொண்டே போனது.

"மெதுவாடா கழுதை! ரயிலா ஓட்டறே?"

"நீங்க செஞ்ச மெஷின் அப்படிம்மா. நிறுத்தினாலும் நிக்க மாட்டேங்குது!"

கடையே சிரித்தது. துணியின் ஓரம் முழுவதும் தைத்து முடித்ததும் மாடிவீட்டம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக் காட்டினார். கைதட்டல் அடங்கவில்லை. மகன் தரையிலிருந்து எழுந்தார். கால்சட்டை முழுக்க ஊர்முடி. வாசலில் நின்ற, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, "எங்கம்மா செஞ்சது. அந்தப் பூவும் அவங்கதான்," என்றார். பிறகு இன்னொருவரிடமும் சொன்னார்.

மாடிவீட்டம்மா தபால்காரியின் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். "பெயின்ட் அடிக்கச் சொன்னாங்களாமே. நீ விடலையாமே."

"எப்படிம்மா விடுவேன்?"

பிடித்த கையை அவர் வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கே ஒரு வேலை வந்தது. எல்லோரும் அவரவர் வீட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். சலவைக்கடையில் துணி மூட்டைக்குக் கீழே ஒன்று கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் பழைய பெஞ்சுகளுக்குப் பின்னால் இன்னொன்று. அதில் ஐந்திதழ்ப் பூ. அந்தப் பூவை வரைந்தவள் யார் என்று மாடிவீட்டம்மா பேரோடு சொன்னார். அவள் குடும்பத்தைத் தேடிப் பிடித்துச் சேதி சொல்லும் பொறுப்பைத் தபால்காரி எடுத்துக்கொண்டாள்.

பழம்பொருள் கடைக்காரரும் திரும்பி வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே மெஷின் பக்கம் போய் நின்றார். அடியைப் பார்த்து, சேவலைப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. இதை எனக்குக் கொடுத்துடறீங்களா? கடை வாசல்லயே வைப்பேன்."

"சவரம் பண்ணுவேன், முடி வெட்டுவேன், தலைக்கு மசாஜ்கூடப் பண்ணுவேன் சார். அதை மட்டும் கேட்காதீங்க," என்றார் சலூன்காரர். முடி விழாமல் இருக்க மெஷினுக்குத் தனியாக ஒரு துணி தைத்துப் போர்த்தியிருந்தார். வாடிக்கையாளர்கள் மிதியில் கால் வைத்தால் இப்போதெல்லாம் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஒரு விடுமுறை நாள். தபால்காரி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சலூன்காரர் வேன்காரரின் தலையில் கத்தரி போட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர், கணவனும் மனைவியும், வாசலில் வந்து தயங்கி நின்றார்கள்.

"இங்க யாரோ பழைய மெஷினைப் பார்த்து, அது எந்த ஊரு, யாரு செஞ்சதுன்னு சொல்வாங்களாமே. அவங்க வீடு எது?"

வேன்காரர், கத்தரிக்குக் கீழே தலை இருப்பதையும் மறந்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரிதான்!" என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் தபால்காரி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"நான்தாங்க. மெஷின் எங்க இருக்கு?"